ஏழு கொழுவும் ஒரு நுகத்தடியும்

எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோது கள்ளக்குறிச்சி இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. விழுப்புரத்தோடு சேர்ந்திருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் எங்கள் பழைய இரும்புக் கடை. முன்னால் கடை, அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கிடங்கு, அப்புறம் ஒரு முற்றம், முற்றத்துக்குப் பின்னால் வீடு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரும்பின் மேல் இரும்பு விழுகிற சத்தத்துக்கு நடுவில்தான் நான் பேசியிருக்கிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் குர்ஆன் ஓத வருவார்கள். அவர்களுக்கு ஓதிக் கொடுக்கும்போதும் கிடங்கில் லோடு இறங்கிக்கொண்டிருக்கும். சத்தத்துக்கு மேலே சத்தம் வைத்து வைத்துத் தொண்டையில் இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது.

பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். சாமை அரிசி அளவுதான் இருந்ததாம். டாக்டரம்மா வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "மூணு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியமாக் கூடப் பேசக் கூடாது, அதுதான் தொண்டைக்கு ரொம்பக் கெடுதல். அதுக்கப்புறம் ஆறு வாரம் கம்மியாப் பேசட்டும்."

அவர் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கம் குனிந்து, "மூணு வாரம் வூடு வூடா இருக்குமா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தேன். சட்டென்று என் வாயைப் பொத்திவிட்டார்.

பேசாமல் இருப்பது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு நாள் கையைக் காலை ஆட்டி எதையாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அதுவும் அடங்கியது. ஓத வருகிற பிள்ளைகளில் ஒருத்தி தன்னுடைய பழைய சிலேட்டையும் பல்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். எழுதுகிற சிரமத்தில் பாதி விஷயம் சொல்லத் தேவையில்லாத விஷயம் என்று தெரிந்துபோகும். தொழுகையில் உதடு மட்டும் அசையும். உள்ளே எங்கேயோ ஒரு குரல் ஓதும். அது என்னுடைய குரல் மாதிரியும் இருக்கும், வேறு யாருடையதோ மாதிரியும் இருக்கும்.

மதியச் சோற்றுக்குப் பிறகு கிடங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். தகரத்தில் ஆணி ஓட்டைகள் நிறைய. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு வெயில் குச்சி இறங்கித் தரையில் நிற்கும். துருத்தூள் அதில் ஏறி இறங்கி மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். தூக்கமா முழிப்பா என்று தெரியாத ஒரு நிலை. அந்த நிலையில்தான் கிடங்கில் என்ன கிடக்கிறது என்பதையே நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அது டிராக்டர் எல்லா ஊருக்கும் வந்துசேர்ந்த காலம். தியாகதுருகம், ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது கலப்பையும் நுகத்தடியும் வண்டிச் சக்கரப் பட்டாவும் கொண்டுவந்து எடைக்குப் போடுவார்கள். இரும்பைக் கழற்றிக் குவிப்பார்கள். மரம் அடுப்புக்கு. எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பு வருஷக்கணக்காகக் கலப்பைக் கட்டையில்தான் எரிந்தது. நான்தான் எரித்தேன். அடுப்பில் வைக்கிற கட்டை முன்னே என்னவாக இருந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கிடங்குச் சாமானை வீட்டுக்குள் கொண்டுவருவது முதலில் ஒரு வசதிக்காகத்தான் தொடங்கியது. கடையில் இருக்கிற வீட்டுக்காரரை உள்ளேயிருந்து கூப்பிட எனக்கு வழியில்லை. பால் பொங்கி வழிந்தாலும் நடந்து போய்த்தான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு நாள் அவரே ஒரு கொழுவை எடுத்துக்கொண்டு வந்தார். கலப்பையின் நுனியில் மண்ணைக் கிழிக்கிற இரும்பு அது, ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதைக் கயிற்றில் கட்டி முற்றத்துக் கம்பியில் தொங்கவிட்டு, ஒரு போல்ட்டை என் கையில் கொடுத்தார்.

"ஏதுனா வேணும்னா இதை அடி. வந்துடுவேன்."

அடித்தேன். நான் எதிர்பார்த்தது தட்டுமுட்டுச் சத்தம். வந்ததோ நீளமாக ஒரு நாதம். முற்றத்தைச் சுற்றிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் ஓய்ந்தது. மறுபடி அடித்தேன். அவர் சிரித்துவிட்டார். "இங்கதானே நிக்கிறேன்!"

அவர் போனதும் கிடங்கிலிருந்து இன்னொரு கொழுவை எடுத்து வந்து அடித்துப் பார்த்தேன். அது வேறு மாதிரிச் சொன்னது. தேய்ந்தது ஒரு சத்தம், தேயாதது ஒரு சத்தம். கல்லில் மோதி முனை மடங்கினது கொஞ்சம் கம்மலாக, என் குரல் கெட்டுப்போவதற்கு முந்தின மாதங்களில் இருந்த மாதிரி. அடுத்த நாலைந்து நாள் நான் வேறு வேலையே செய்யவில்லை. குவியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிப் பிடித்து, போல்ட்டால் தட்டி, பிடித்ததை ஒரு பக்கம், பிடிக்காததை ஒரு பக்கம் வைத்தேன். கடைசியில் ஏழு தேறியது.

அவற்றை மாட்டுவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது. விறகோடு சாய்த்து வைத்திருந்த நுகத்தடி ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மாட்டின் கழுத்தும் அழுந்தி அழுந்தி இரண்டு இடத்தில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. கருத்த மரம். ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு மேலே வந்தது. முற்றத்தின் குறுக்கே கட்டித் தொங்கவிட்டு, ஏழு கொழுவையும் வரிசையாகக் கட்டினேன். ஒன்று அசைந்தால் அடுத்ததைத் தொடும்படி நெருக்கமாக. நடுக் கொழுவின் அடியில் கிழிந்த முறம் ஒன்றில் பாதியைக் கட்டிவிட்டேன், காற்றுப் பிடிக்க.

ஆடி பிறந்திருந்தது. சாயங்காலக் காற்று முறத்தை இழுத்தது. நடுக் கொழு நகர்ந்து பக்கத்துக் கொழுவைத் தொட்டது. அது அடுத்ததை. கடையிலிருந்து அவர் ஓடி வந்தார்.

"இன்னா? இன்னா வேணும்?"

நான் மேலே கை காட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அன்றைக்கு இரண்டு தடவை காற்று அவரைக் கூப்பிட்டது. இரண்டு தடவையும் வந்தார். மூன்றாம் தடவை நான் நிஜமாகவே அடித்தேன், சாப்பிட. வரவில்லை.

அதற்கப்புறம் எனக்குக் கை நிற்கவில்லை. மாடு கட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்த இரும்புச் சால் ஒன்று, அடி ஓட்டையானது. அதில் மண் கொட்டி மல்லிகை வைத்தேன். சேற்றைச் சமப்படுத்த மாடு இழுக்கிற பரம்புப் பலகையைச் சுவரில் அடித்துப் பீங்கான் கோப்பைகளை அடுக்கினேன். களைக்கொத்து நாலை வரிசையாகப் பதித்ததும் அவர் சட்டைகளுக்கு மாட்டி ஆனது. நெல் அளந்த இரும்பு மரக்காலில் ஆணியால் ஓட்டை போட்டு உள்ளே பல்பு எரியவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் ஓதினார்கள். தப்பாக ஓதினால் நான் கொழுவை ஒரு தட்டுத் தட்டுவேன். திருத்தி ஓதுவார்கள். ஒன்றுமே சொல்லாமல் இவ்வளவு நடக்குமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. வீடு தண்ணீருக்கு அடியில் இருக்கிற மாதிரி, எல்லாம் மெதுவாக, ஓரங்கள் மழுங்கி, ஒரு அழகோடு நகர்ந்தது.

மூன்றாவது வாரத்தின் நடுவில் அந்த அம்மா வந்தார்.

ரிஷிவந்தியம் பக்கத்து ஊர். ஐம்பது வயசு இருக்கலாம். ஒடிந்த கடப்பாரையும் இரண்டு பானை மூடியும் எடைக்குப் போட வந்திருந்தார். வெயிலில் வந்த களைப்பு. தண்ணீர் கேட்டிருக்கிறார். கடையில் குடம் காலி. "உள்ள வூட்டுக்குப் போங்கம்மா, குடுப்பாங்க" என்று என் வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். என்னால் பேச முடியாது என்பதைச் சொல்ல மறந்துபோனார்.

முற்றத்து வாசலில் நிழல் தட்டியது. நான் எழுந்து சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தேன். வாங்கிக்கொண்டு அண்ணாந்து குடித்தார். குடிக்கும்போது காற்று வந்தது. மேலே கொழுக்கள் ஒன்றையொன்று தொட்டன. அவருடைய கண் மேலே போனது. சொம்பை இறக்கினார். வாயில் இருந்த தண்ணீரை விழுங்க மறந்த மாதிரி நின்றார்.

"இது எங்க நுவத்தடி."

நான் அவரையே பார்த்தேன்.

"எங்க வூட்டுதுங்க. அந்த எடது பக்கம் ஒரு வெடிப்பு இருக்கும், தகரம் வெச்சு ஆணி அடிச்சிருக்கும். பாருங்க. இருக்குது பாருங்க."

இருந்தது. நானே அந்தத் தகரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தேன்.

"போன மாசம் எங்க வூட்டுக்காரரு கொண்டாந்து போட்டாரு. நான்தான் போடச் சொன்னேன். அடுப்புல வெச்சிடுவாங்கன்னு சொன்னாரு. நீங்க இன்னான்னா எண்ணெய் தடவி, நட்ட நடு வூட்டுல கட்டி, மணியெல்லாம் தொங்கவிட்டு..."

என் சிலேட்டு உள்ளே இருந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன், கையை விரித்தேன். அவருக்குப் புரியவில்லை. நான் ஏதோ அலட்சியமாக நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பேச மாட்டீங்களா? நான் கேக்கறேன், நீங்க பேசாம நிக்கிறீங்க. இன்னாத்துக்கு இதை மாட்டி வெச்சிருக்கீங்க? அழகுக்கா?"

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துபோனது. நான் ஓடிப்போய்ச் சிலேட்டை எடுத்து வந்து, 'தொண்டையில் ஆபரேஷன். பேசக் கூடாது' என்று எழுதிக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் முகம் மாறியது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

சொம்பில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரிடமோ சொல்கிற மாதிரி தானாகவே சொல்லத் தொடங்கினார்.

"ஒரு வருஷம், ஆடியில, மல்லாட்டை போடணும். மழை பேஞ்சு நெலம் பதமா இருக்குது. எடது பக்கத்து மாடு வயிறு ஊதி ரெண்டே நாள்ல செத்துப்போச்சு. ஊர்ல எல்லாரும் ஏர் ஓட்டிக்கினு இருக்காங்க, யாரு மாடு தருவாங்க? பதம் போனா அந்த வருஷமே போச்சு. விடியறதுக்கு முந்தி நாங்க ரெண்டு பேரும் நெலத்துக்குப் போனோம். ஒரு பக்கம் மாட்டைப் பூட்டினாரு. இந்தப் பக்கம்..." என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார். "துணி சுத்தி நான் குடுத்தேன். மூணு நாளு. ஊர் எழுந்துக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவோம்."

ரவிக்கைக் கையை லேசாக நகர்த்தினார். தோளில் ஒரு மேடு, புண்ணாகி ஆறின தழும்பு, அத்தனை வருஷத்துக்கு அப்புறமும்.

"அந்த மாடு என்னைப் பாத்துப் பாத்து நடந்துச்சுங்க. வேகமா போனா நான் விழுந்துடுவேன்னு அதுக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரு சும்மா நாள்ல ஏர் ஓட்டுனா ஊருக்கே கேக்கும், மாட்டை அப்படிப் பேசுவாரு. அந்த மூணு நாளும் வாயே தொறக்கல. மாட்டை அதட்டுனா என்னையும் சேத்து அதட்டுன மாதிரி ஆவும்னு. பின்னாடி அவரு மூச்சு மட்டும் கேக்கும். அழுவறாரா, மூச்சு வாங்கறாரான்னு நான் திரும்பிப் பாக்கல. அப்புறமும் நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல. இது மூலையில சாஞ்சிருக்கும். நான் பெருக்குவேன். நகத்திப் பெருக்குவேன், மறுபடி வெப்பேன். இத்தனி வருஷம்."

அந்த வருஷம் வேர்க்கடலை எப்படி விளைந்தது என்று கேட்க நினைத்தேன். எழுத மனசு வரவில்லை. எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஏழு கொழுவையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் வைத்தேன். ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது ஒரு சத்தம் போட்டது. அப்புறம் நுகத்தடியின் ஒரு முனையை நான் அவிழ்த்தேன், இன்னொரு முனையை அவர் வந்து பிடித்தார். இரண்டு பேருமாக இறக்கினோம். கனம். இதைத் தோளில் வைத்து நனைந்த நிலத்தில் இழுப்பது எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் என் உடம்புக்குத் தெரிந்தது. தேங்காயெண்ணெய் தேய்க்கும்போது, அந்த வழுவழுப்பைத் தடவித் தடவி ரசித்தபோது, தெரியவில்லை.

வெந்நீர் அடுப்பைக் காட்டி, கேட்கிற மாதிரித் தலையை அசைத்தேன்.

"இப்பவேவா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அறுக்கவில்லை. நீளமாகவே ஒரு முனையை அடுப்புக்குள் நுழைத்தோம். சுள்ளி போட்டுப் பற்றவைத்தேன். எண்ணெய் ஊறின மரம், சீக்கிரமே பிடித்துக்கொண்டது. எரிய எரிய உள்ளே தள்ளினோம். அவர் கொஞ்சம் தள்ளுவார், நான் கொஞ்சம் தள்ளுவேன். கெட்டி மரம், வேகமாக எரியாது. மேலே பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கடையிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அந்த அடுப்பிலேயே இஞ்சி தட்டிப் போட்டு டீ வைத்தேன். குடித்துக்கொண்டே எரிவதைப் பார்த்திருந்தோம். தகரம் அடித்த இடம் அடுப்புக்குள் போகும்போது அவர் குச்சியால் நெருப்பைக் கிளறிவிட்டு, "போ" என்றார். சின்னப் பிள்ளையை வெளியே விளையாட அனுப்புகிற மாதிரி அதைச் சொன்னார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை எரிந்தது. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை பாய் வூட்டம்மா, நீங்க பேசல. பேசியிருந்தா நான் சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன்."

சாம்பலில் இரண்டு ஆணியும் ஒரு கருகின தகரமும் கிடைத்தது. அதைக் குவியலில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் முடிந்த அன்று காலை, பயந்து பயந்து வாய் திறந்தேன். "டீ ஆறிப்போச்சு" என்றேன். வீட்டுக்காரர் தலையைத் திருப்பி அறை முழுக்கத் தேடினார். "யாரு அது?" என்றார். கனமான, கொஞ்சம் தாழ்ந்த குரல். இன்றைக்கும் அதுதான் என் குரல். போனில் பேசினால் தெரியாதவர்கள் "சொல்லுங்க சார்" என்பார்கள்.

பேசலாம் என்றான பிறகு நான் செய்த முதல் காரியம், கலப்பையோ சாலோ கொண்டுவருகிறவர்களிடம் போய்க் கேட்பதுதான். "இதை நான் வூட்ல மாட்டி வெச்சா உங்களுக்குப் பரவாயில்லையா?" பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது. "இன்னாத்துக்கும்மா?" என்பார்கள். சிலர் சிரிப்பார்கள். ஒருத்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாட்டிக்கோங்க, கழனிப் பக்கம் பாக்குற மாதிரி மாட்டுங்க" என்றார். எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கழனியும் தெரியாது. ஆனாலும் அவர் ஊர் இருக்கிற திசையாகப் பார்த்து மாட்டினேன்.

ஏழு கொழுவும் மட்டும் சாக்கில் கிடந்தன. வேறு நுகத்தடியில் கட்ட எனக்குக் கை வரவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மலையில் ரிப்பேரான ஆயில் எஞ்சின் ஒன்றை எடுத்துவர வீட்டுக்காரர் டெம்போவில் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். கட்டை ஏதாவது கிடைத்தால் அங்கேயே நீளம் பார்த்துக்கொள்ளலாம் என்று கொழுச் சாக்கையும் ஏற்றிக்கொண்டேன். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. வளைவுக்கு வளைவு வெயில் போய்ப் போய் வந்தது. வெள்ளிமலைக்கு முன்னால் ஒரு இடத்தில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. டிரைவர் லைட்டைப் போட்டார். வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு மாடு நின்றது, அப்புறம் இல்லை. கிடங்கு வெயிலில் சொக்கிக் கிடந்த மதியங்களின் அதே மயக்கம் எனக்கு அங்கே மறுபடி வந்தது. கண்ணை மூடினால் மலை போய்விடும் என்று கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எஞ்சின் வைத்திருந்தவர் வீடு ஒரு சரிவில். புருஷன், பெண்சாதி, பின்னால் மரவள்ளி, அதற்குக் கீழே கொஞ்சம் நிலம். மலைச் சரிவில் எந்த டிராக்டர் ஏறும்? அங்கே ஏர் பூட்டியே உழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது நான் அந்த அம்மாவோடு வீட்டைச் சுற்றி வந்தேன். கலப்பையில் கை பிடிக்கிற மேழி, ஒடிந்தது ஒன்று, கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. தேய்ந்த மண்வெட்டித் தகடு ஒன்று அம்மிக்கு அணை. பழைய கொழு ஒன்றைச் சுவரில் பதித்து அதில் அரிவாளைச் செருகியிருந்தார்கள். ரொம்பச் சரியாக, ரொம்ப அழகாக இருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

"இதுல இன்னா அழகு? கைக்கு எட்டுது, வெச்சிருக்கோம்" என்றார்.

எஞ்சின் வேலை முடிந்து டெம்போவில் ஏற்றினதும், என்னுடைய தேவையை அந்த மனிதரிடம் சொன்னேன். "எனக்கு ஒரு கட்டை வேணுங்க, இவ்ளோ நீளம். எந்த மாட்டுக் கழுத்தும் பட்டிருக்கக் கூடாது. யாரும் எதுக்கும் இழுத்திருக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சும்மா இருந்த கட்டை வேணும், அதானே?" என்று சிரித்தார். வீட்டுக்குப் பின்னால் பலா மரம் ஒன்று. போன மழைக்காற்றில் ஒடிந்து விழுந்த கிளை இன்னும் அங்கேயே கிடந்தது. பட்டையைச் சீவினால் உள்ளே மஞ்சள். மஞ்சள் என்றால் கல்யாண மஞ்சள். நீளம் பார்ப்பதற்காக நான் சாக்கை அவிழ்த்துக் கொழுக்களை அதன் பக்கத்தில் வரிசையாக வைத்தேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நகத்தால் சுண்டினார். காதருகே வைத்தார். நான் கிடங்கில் நாலைந்து நாள் செய்ததை அவர் நாலைந்து நிமிஷத்தில் செய்துவிட்டார். கடைசியில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது நல்லா எஃகு ஏத்துன இரும்பு. எந்தப் பட்டறையோ, நல்ல கை."

வரிசையில் அது மூன்றாவது. ஏழிலும் அதற்குத்தான் குரல் ரொம்ப இனிமை. எனக்கு அது முன்னாலேயே தெரியும்.

அவர் பெண்சாதி உள்ளே போய், அவர்களுடைய கலப்பையைத் தூக்கிவந்து காட்டினார். நுனியில் கட்டை விரல் அளவுதான் இரும்பு மிச்சம் இருந்தது. "கீழே கொல்லுப் பட்டறைக்குப் போவணும்னு சொல்லிக்கினே இருக்காரு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் என்னைப் பார்த்தார்.

கொடுக்க மனசே இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்த ஒன்று போனால் மற்ற ஆறும் வரிசையில் பல் விழுந்த மாதிரி இருக்கும் என்று தோன்றியது. அப்புறம், முற்றத்தில் அடுப்பு எரிந்த அந்த மதியம் ஞாபகம் வந்தது. யாருடைய அழகு, யாருடைய கனம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு அந்த மதியத்தைப் போலவே அங்கேயும் தெரியவில்லை. "எடுத்துக்கோங்க" என்றேன்.

கலப்பையில் பழையதைத் தட்டிக் கழற்றி, இதை நுழைத்து, ஆப்பு அடித்து இறுக்கினார். மாடு பூட்டினார். மழை பெய்து விட்ட நிலம். பாறை மேல் நின்று பார்த்தேன். சரிவின் குறுக்கே ஏர் போனது. கொழு மண்ணுக்குள் இறங்கின இடத்தில் சத்தமே இல்லை. கருஞ்சிவப்பாக மண் மட்டும் பிளந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. பின்னாலேயே இரண்டு மைனா. மேகம் வந்து மாட்டை மறைத்தது, அப்புறம் மனிதரை. வெள்ளைக்குள்ளிருந்து அவர் மாட்டை அதட்டுகிற குரல் மட்டும் கேட்டது. சத்தமாக, உரிமையாக, சந்தோஷமாக அதட்டினார்.

பலாக் கட்டையில் ஆறு கொழுவைக் கட்டினேன். முற்றத்தில் இப்போதும் அதுதான் இருக்கிறது. மஞ்சள் போய்த் தேன் நிறம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் நிறையச் செய்தேன். எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் கேட்டார்கள். ஒரு டாக்டர் தன் கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்துக்கு மரக்கால் விளக்கு ஆறு கேட்டார். மாவட்டம் ஆனபோது புதிதாக வீடு கட்டி வந்த ஒரு அதிகாரியின் மனைவி வண்டிச் சக்கரத்தில் டீ மேஜை கேட்டார். என்னென்ன எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவரை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிக் கொடுப்பேன். சிலர் அதைப் படிப்பார்கள், சிலர் கிழித்துவிடுவார்கள். கேட்பதை மட்டும் நான் விட்டதில்லை. ஒரு கலப்பை வந்தால் கடையில் மாட்டியிருக்கிற கொழு ஒன்றை வீட்டுக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். நான் போய்க் கேட்பேன்.

போன வாரம்கூட ஒருவர் வந்தார். தியாகதுருகம் பக்கம், அறுபது வயசுக்கு மேல். டிவிஎஸ் வண்டியில் கலப்பையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். நான் கேட்டேன். அவர் கலப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கலப்பையைப் பார்த்தார்.

"மாட்டி வெக்கிற அளவுக்கு நல்லாவா இருக்குது?" என்றார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க."

"அப்போ எங்க வூட்லயே மாட்டிக்கிறேன்" என்றார்.

அவரே மறுபடி தூக்கிக் கட்டினார். நானும் கயிற்றைப் பிடித்து இறுக்கினேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார். மேழி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கி வழி விட்டார்கள்.